முதல் முறையாக உயில் எழுத உட்காருகிறவர்களுக்கு

என் பெரியப்பா உயில் எழுதாமல் இறந்தவர் அல்ல. எழுதினார். கோடு போட்ட நோட்டில், தன் முத்து முத்தான கையெழுத்தில், நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார். பெரியம்மா போன பிறகு பத்து வருடத்துக்கும் மேலாக அவரைப் பார்த்துக்கொண்டது பெரியம்மாவின் தங்கைதான். நாங்கள் எல்லாரும் சித்தி என்று கூப்பிடுகிறவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். 'வீடு அவளுக்கு' என்று எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார் பெரியப்பா. சாட்சிகளின் கையெழுத்து மட்டும் இல்லை.

அந்த ஒரு குறையால் நான்கு பக்கமும் வெறும் கடிதமாகிவிட்டது. பிள்ளை இல்லாத அவருடைய வீடு உடன்பிறந்தவர்கள் ஐந்து பேருக்குப் போனது. என் அப்பா தன் பங்கைச் சித்திக்கே எழுதிக் கொடுத்தார். மற்றவர்கள் கொடுக்கவில்லை. சித்தி வாடகை வீட்டுக்குப் போனார்.

சட்டத்துக்கு உறவுமுறை தெரியும். யார் ராத்திரி கண்விழித்து மருந்து கொடுத்தார்கள் என்பது தெரியாது. அதைச் சட்டத்துக்குச் சொல்ல நமக்கு இருக்கும் வழி உயில்தான், அதுவும் சட்டம் ஏற்கிற முறையில் எழுதிய உயில். அதை எப்படி எழுதுவது என்பதை இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து, முதலிலிருந்து சொல்கிறேன்.

உயில் இல்லாவிட்டால் சொத்து யாருக்குப் போகும்?

இதைத் தெரிந்துகொண்டால்தான் உங்களுக்கு உயில் எவ்வளவு அவசியம் என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குச் சம பங்கு. அவருக்கு முன்பே இறந்துபோன பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் குடும்பமும் இதில் வரும். தந்தை முதல் வகுப்பில் இல்லை. மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள், வயதான தாய் என்று ஒரு குடும்பம் இருந்தால், வீடு நான்கு பங்காகும். மனைவிக்குக் கால் பங்குதான். 'வீட்டுக்காரர் வீடு எனக்குத்தானே' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல பெண்களுக்கு இது தெரிவதில்லை. இன்னொன்று: குழந்தைகள் 18 வயது ஆகாதவர்களாக இருந்தால், அவர்கள் பங்கைத் தாய் விற்க நீதிமன்றத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். மருத்துவச் செலவு, படிப்புச் செலவு என்று எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே உயில் என்பது அறுபதைத் தாண்டியவர்கள் விஷயம் என்று ஒதுக்காதீர்கள். முப்பது வயதில் கைக்குழந்தையோடு இருப்பவருக்கு அது இன்னும் அவசரம்.

இந்துப் பெண் இறந்தால் வரிசையே வேறு. முதலில் கணவரும் பிள்ளைகளும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். அதற்குப் பிறகுதான் பெண்ணைப் பெற்ற தாயும் தகப்பனும். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் தனி விதி உண்டு: பிள்ளை இல்லாவிட்டால் அது பிறந்த வீட்டுப் பக்கமே திரும்பும். தன் உழைப்பில் சேர்த்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பெண். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், நிறையச் சேமித்தார், உயில் எழுதாமல் 1996இல் இறந்துபோனார். அந்தச் சேமிப்பு அவரைப் பெற்ற தாய்க்குப் போகவில்லை. கணவரின் சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. தீர்ப்பில் அனுதாபம் இருந்தது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றது நீதிமன்றம். சம்பாதிக்கிற பெண்கள், பிள்ளை இல்லாத பெண்கள், தனியாக இருக்கும் பெண்கள் இந்தக் கட்டுரையை முடித்ததும் பேனாவை எடுக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்கு ஷரீஅத் வகுத்த பங்குகள். அவர்கள் உயிலாக, அதாவது வஸிய்யத்தாக எழுதக்கூடியது, ஈமச்சடங்குச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கு வரைதான். அதற்கு மேல் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கீழே சாட்சி, கையெழுத்து என்று நான் சொல்லும் விதிகள் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருபவை. அவை முஸ்லிம் உயிலுக்குப் பொருந்தாது. ஆனாலும் எழுத்தில், சாட்சியோடு வைப்பது யாருக்கும் நல்லதுதான்.

முதல் வேலை: பட்டியல்

உயிலை நேராக எழுத ஆரம்பிக்காதீர்கள். ஒரு தாளில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். வீடு, மனை, நிலம், வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், பங்குகள், நகை, லாக்கர், வண்டி, யாருக்காவது கைமாற்றாகக் கொடுத்த பணம். கடன்களையும் எழுதுங்கள்; இறந்தவர் விட்டுப்போனதிலிருந்து முதலில் அடைபடுவது கடன்தான், பங்கு பிரிப்பது அதற்குப் பிறகு.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இது முழுக்க என்னுடையதா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

நீங்கள் சம்பாதித்து வாங்கியது சுயசம்பாத்தியம். அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்து அப்படி இல்லை. அதில் உங்கள் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். மகளுக்கும் மகனுக்கும் பிறப்பிலேயே அதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் மகள்களுக்கு இந்த உரிமை 1989லேயே வந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று ஒரு தடை இருந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் எல்லா மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அதனால் 'பூர்வீக வீடு முழுவதும் மூத்த மகனுக்கு' என்று எழுதினால், உங்கள் பங்கைத் தாண்டிய பகுதிக்கு அந்த எழுத்து செல்லாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால், ஒருவர் தன் பாதியைத்தான் எழுத முடியும். இருவரும் தனித்தனியாக உயில் எழுத வேண்டும்.

அடுத்து நாமினி. 'எல்லாவற்றுக்கும் நாமினி போட்டாச்சு, உயில் எதுக்கு?' என்று கேட்பவர்கள் ஏராளம். வங்கியில் நாமினி என்றால், வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர், அவ்வளவுதான். வாங்கிய பணம் உயில்படி யாருக்கோ, உயில் இல்லாவிட்டால் வாரிசுகள் யாரோ, அவர்களுக்குச் சேர வேண்டும். பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு மாறுதல் உண்டு: 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது என்ற ஏற்பாடு வந்தது. இதற்காக நாமினி வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நாமினி இருந்தால் பணம் சீக்கிரம் கைக்கு வரும். 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினியும் உயிலும் ஒரே ஆளைக் காட்டும்படி பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

யாருக்கு எது?

இந்த முடிவு உங்களுடையது, இதில் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் எப்படி எழுதினால் பின்னால் சிக்கல் வராது என்று சொல்ல முடியும்.

மனைவிக்குக் கொடுத்து, அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். இதில் இரண்டு விதம் இருக்கிறது. 'என் மனைவிக்கு முழு உரிமையுடன்' என்று எழுதினால், அவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம், தன் விருப்பப்படி வேறு உயிலும் எழுதலாம். 'ஆயுள்கால அனுபவ உரிமை மட்டும்' என்று எழுதினால், அவர் வசிக்கலாம், வாடகை வாங்கலாம், விற்க முடியாது. பிள்ளைகளின் நெருக்குதலில் விற்றுவிடுவாரோ என்ற பயம் இருந்தால் இரண்டாவது உதவும். ஆனால் அவருக்குப் பெரிய மருத்துவச் செலவு வந்தால் கையைக் கட்டிப்போட்டதும் அதுவேயாகிவிடும். என்னைக் கேட்டால், மனைவியை நம்பி முழு உரிமை கொடுப்பதுதான் மரியாதை. எப்படியானாலும் இரண்டையும் கலந்து எழுதிவிடாதீர்கள். 'மனைவி சர்வ சுதந்திரமாக அனுபவித்து, அவருக்குப் பின் மகனுக்கு' என்கிற மாதிரி வாசகங்கள்தான் வருடக்கணக்கில் வழக்காக நடக்கின்றன.

யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் என்ன என்பதையும் எழுதுங்கள். 'அவர் அப்போது உயிருடன் இல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்கு' என்று ஒரு வரி போதும்.

வயதுக்கு வராத குழந்தைக்கு எழுதினால், அந்தச் சொத்தை அதுவரை யார் பார்த்துக்கொள்வது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெற்றோர் இருவரும் இல்லாமல் போனால் குழந்தைக்குக் காப்பாளர் யார் என்பதையும் உயிலில் சொல்லலாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் குடும்பங்கள் ஒரு படி மேலே போக வேண்டும். பிள்ளையின் பெயரில் சொத்தை எழுதிவிட்டால் மட்டும் போதாது, அதிலிருந்து மாதாமாதம் அந்தப் பிள்ளைக்குச் செலவு செய்ய ஓர் ஏற்பாடு வேண்டும். இதற்கு உயில் மூலமாகவே அறக்கட்டளை அமைக்கலாம். இதை மட்டும் நீங்களாக எழுதாமல் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை, அல்லது ரொம்பக் குறைவு என்று முடிவு செய்தால், காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். 'மூத்த மகளுக்குத் திருமணத்தின்போது மனை வாங்கிக் கொடுத்துவிட்டதால் இதில் பங்கு எழுதவில்லை' என்பது போல. சுயசம்பாத்தியத்தைப் பிள்ளைக்குத்தான் எழுத வேண்டும் என்று இந்து, கிறிஸ்தவச் சட்டங்களில் கட்டாயம் இல்லை. ஆனால் காரணமே சொல்லாமல் விட்டால், யாரோ ஏமாற்றி எழுத வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழ அதுவே இடம் கொடுக்கும். கோபத்தை எழுதாதீர்கள். அந்தக் காகிதத்தை அந்தப் பிள்ளை ஒருநாள் படிக்கப்போகிறது.

கடைசியாக ஒரு மிச்சப் பிரிவு: 'இதில் குறிப்பிடாத சொத்துகளும், இனிமேல் எனக்குச் சேரக்கூடிய சொத்துகளும் இன்னாருக்கு.' இது இல்லாவிட்டால், உயில் எழுதிய பிறகு வாங்கிய மனைக்கு உயிலே இல்லாத நிலைதான்.

நிறைவேற்றுநர்

நீங்கள் எழுதியதைச் செய்து முடிப்பவர். வழக்கறிஞர்கள் எக்சிகியூட்டர் என்பார்கள். கடன் அடைப்பது, வங்கிக்கு அலைவது, பங்கு பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பயனாளிகளில் ஒருவரே இருக்கலாம், அதில் தவறில்லை. உங்களைவிட வயதில் சிறியவராக, காகிதம் பார்த்து மிரளாதவராக, எல்லோரும் பேசக்கூடியவராக இருந்தால் நல்லது. அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பெயரைப் போடுங்கள்.

எழுதுவது

முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். தமிழிலேயே எழுதலாம். சட்டச் சொற்கள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதியவரின் நோக்கம் புரிந்தால் போதும் என்று சட்டமே சொல்கிறது. 18 வயது ஆனவர், தெளிந்த புத்தியுள்ளவர் யாரும் எழுதலாம். கண் பார்வையில்லாதவர், காது கேளாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆகியோரும், தாம் செய்வது இன்னது என்று அறிந்திருந்தால் எழுதி வைக்கலாம்.

நம் ஊர் ஆவண எழுத்தர்கள் எழுதும் பழைய நடையில் ஓர் அழகு உண்டு. அதன் எலும்புக்கூட்டை எடுத்து இப்படி எழுதிக்கொள்ளலாம்:

'…… ஆம் ஆண்டு …… மாதம் …… ஆம் தேதி, …… முகவரியில் வசிக்கும், …… அவர்களின் மகன்/மகள் …… ஆகிய நான், நல்ல நினைவுடனும் தெளிந்த புத்தியுடனும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில். இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் ஏதும் இருப்பின் அவற்றை இதன் மூலம் ரத்து செய்கிறேன். இதுவே என் கடைசி உயில். இது என் ஆயுட்காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும்.'

இதற்குக் கீழே குடும்பத்தினரின் பெயரும் உறவும், நிறைவேற்றுநர் பெயர், சொத்துப் பட்டியல், யாருக்கு எது, மிச்சப் பிரிவு, பிறகு கையெழுத்து.

சொத்தை எழுதும்போது பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். என் அப்பா தன் உயிலின் முதல் நகலில் 'மாடி வீடு இளையவனுக்கு' என்று எழுதியிருந்தார். எங்களுக்கு எந்த வீடு என்று தெரியும். பட்டா மாற்றும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பத்திர எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், பட்டா எண், அளவு, நான்கெல்லை, கதவு எண் எல்லாம் வேண்டும். மனிதர்களையும் அப்படித்தான். 'என் மகன் பாபு' என்று செல்லப் பெயரை எழுதாமல், ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி, உறவு எல்லாவற்றையும் எழுதுங்கள்.

வங்கிக் கடவுச்சொல், ஏடிஎம் எண் போன்றவற்றை உயிலில் எழுதக் கூடாது. பதிவு செய்த உயிலின் நகலை எழுதியவர் இறந்த பிறகு மற்றவர்கள் கேட்டு வாங்கலாம். அவற்றைத் தனியாக ஒரு தாளில் வைத்து, நம்பகமான ஒருவரிடம் இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் நாள்

பெரியப்பா தவறவிட்டது இந்த நாளைத்தான். அதனால் மெதுவாகப் படியுங்கள்.

குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். இது 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அல்லது 'இது நான் போட்ட கையெழுத்துதான்' என்று நீங்கள் அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும். அப்புறம் அவர்கள் ஒவ்வொருவரும் உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் மூவரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் போட்டுவிடுவதுதான் நிம்மதி. 'நீங்க அப்புறம் போட்டு அனுப்புங்க' என்று சாட்சி வீட்டுக்குத் தாளை அனுப்பிவைத்தால் உயில் நிற்காது.

உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் சாட்சி சொல்வது உங்கள் கையெழுத்துக்குத்தான். ஆகவே ரகசியம் வெளியே போய்விடும் என்று கவலைப்பட வேண்டாம்.

யாரைச் சாட்சியாக வைப்பது? உயிலில் ஏதாவது பெறுபவர் வேண்டாம், அவருடைய கணவன் மனைவியும் வேண்டாம். கிறிஸ்தவர்கள் உயிலில் அப்படிச் செய்தால் அவருக்கு எழுதியது செல்லாது என்று சட்டமே சொல்கிறது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும், வழக்கு என்று வந்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று வயது. நம் வழக்கப்படி மரியாதைக்காகப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவோம். ஆனால் உயில் நீதிமன்றத்துக்குப் போனால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். எழுபது வயதுக்காரர் இருபது வருடம் கழித்து எப்படி வருவார்? என் அப்பா, தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஓர் இளைஞரையும், தன்னோடு வேலை பார்த்தவரின் மகளையும் சாட்சியாக வைத்தார். இருவருக்கும் அப்போது முப்பது வயதுகூட இல்லை. சாட்சிகளின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். சட்டத்தில் அது கட்டாயமில்லை, ஆனால் நடுப்பக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பக்க எண்ணும் போடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நீங்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அதைவிட அந்தப் பக்கத்தை மறுபடி எழுதிவிடலாம். கையெழுத்து வராதவர் கைநாட்டு வைக்கலாம். அப்படியானால் உயிலை அவருக்குப் படித்துக் காட்டியதாகவும், அவர் கேட்டுப் புரிந்துகொண்டதாகவும் ஒரு வரி சேருங்கள்.

வயதானவர், நோயாளி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அன்றைய தேதியில் மருத்துவரிடம், புத்தி தெளிவாக இருக்கிறார் என்று ஒரு சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். கையெழுத்துப் போடுவதைக் கைபேசியில் படமெடுத்தும் வைக்கலாம். ஆனால் அது சாட்சிக்குப் பதிலாகாது. சொத்தில் பெரும் பங்கு பெறப்போகிறவரே முன்னால் நின்று எழுத வைத்து, ஆள் பிடித்து, எல்லா ஏற்பாடும் செய்திருந்தால் நீதிமன்றங்கள் அந்த உயிலைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அதனால் பெற்றவர் உயில் எழுதும் நாளில் பிள்ளைகள் அந்த அறையில் இல்லாமல் இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது.

பதிவு செய்ய வேண்டுமா?

கட்டாயமில்லை. பதிவு செய்யாத உயிலும் முறையாகக் கையெழுத்தாகியிருந்தால் செல்லும். ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். தொலையாது, வேறு யாரும் திருத்திவிட முடியாது, எழுதியவரே நேரில் வந்தார் என்பதற்கு அரசாங்கப் பதிவேடு இருக்கிறது. முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவுக் கட்டணம் மட்டும்தான். சொத்து இருக்கும் ஊரில்தான் பதிய வேண்டும் என்றும் இல்லை. அசல் உயில், அடையாள அட்டை, சாட்சிகள் ஆகியவற்றோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நடக்க முடியாதவர் என்றால், காரணம் காட்டி விண்ணப்பித்தால் பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்க வழி உண்டு. உள்ளே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தால், உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்தாத நல்ல வசதி அது.

பதிவு செய்துவிட்டதால் அது அசைக்க முடியாதது என்று மட்டும் நினைக்காதீர்கள். பிறகு எழுதிய, பதிவு செய்யாத உயில் ஒன்று முறையாக இருந்தால், அதுதான் நிற்கும்.

புரொபேட் என்ற சொல்லும் காதில் விழும். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் சான்றளிப்பது அது. சென்னை மாநகருக்குள் எழுதிய, அல்லது அங்குள்ள வீடு மனை பற்றிய இந்துக்களின் உயிலுக்கு இது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. சென்னையில் சொத்து வைத்திருப்பவர்கள் இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிலா, செட்டில்மெண்டா?

பிள்ளைகள் 'இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க, பின்னாடி அலைச்சல் இல்லை' என்பார்கள். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. உயில் அப்படியல்ல. நீங்கள் இருக்கும்வரை சொத்து உங்களுடையது. விற்கலாம், மனசு மாறலாம். 'கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பார்த்துக்கொள்ளாமல் விட்டால், 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் முதுமையில் அந்த அலைச்சல் எதற்கு? குடியிருக்கும் வீட்டை மட்டுமாவது உயிலில் வையுங்கள்.

மாற்ற நினைத்தால்

எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சின்ன மாற்றம் என்றால், பழைய உயிலின் தேதியைக் குறிப்பிட்டு ஓர் இணைப்பு உயில் எழுதலாம். அதற்கும் அதே இரண்டு சாட்சி முறைதான். பெரிய மாற்றம் என்றால் முழுசாகப் புதிது எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள். கல்யாணம், விவாகரத்து, குழந்தை பிறப்பு, குடும்பத்தில் ஒரு மரணம், சொத்து வாங்குவது விற்பது என்று எது நடந்தாலும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணமானதும் தானாக ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படி ரத்தாகாது, அதனால்தான் பழைய உயிலில் புது மனைவியின் பெயர் இல்லாமலே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

எங்கே வைப்பது

லாக்கரில் வைத்துவிட்டு, லாக்கர் சாவியை யாருக்கும் சொல்லாமல் போவது நடக்கிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் நம்பாதீர்கள், உயில் அதில் வராது. பிள்ளைகளுக்கு உயிலே இருப்பது தெரியாமல் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பங்கு பிரித்து, பிறகு அலமாரியிலிருந்து உயில் வெளியே வந்தால் அப்போது தொடங்கும் சண்டை வேறு மாதிரி இருக்கும். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டாம். உயில் இருக்கிறது, இந்த இடத்தில் இருக்கிறது, பதிவு எண் இது, நிறைவேற்றுநர் இவர் என்பதை நிறைவேற்றுநரிடமும், பிள்ளைகளில் இருவரிடமாவதும் சொல்லுங்கள்.

என் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். பீரோவின் நடுத்தட்டு, பச்சை ஃபைல், சாவி அம்மாவிடம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சித்தியும் அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். அடுத்த வாரம் அவரே என்னிடம் கேட்டார், தன்னிடம் இருக்கும் வைப்புத்தொகைக்கும் நகைக்கும் ஒரு உயில் எழுத வேண்டும், மருந்துக்கடைத் தம்பி சாட்சிக்கு வருவாரா என்று.